ஓர் ஏரி ஏன் பச்சையாகிறது? சுற்றுச்சூழல் அறிவியல் படிப்பு: தொடங்குவோருக்கு ஓர் அறிமுகம்

சுற்றுச்சூழல் அறிவியல் பட்டப்படிப்பின் பாடத்திட்டத்தை முதன்முறை பார்ப்பவருக்குக் குழப்பம் வருவது இயல்பு. வேதியியல் இருக்கிறது, உயிரியல் இருக்கிறது, மண்ணும் பாறையும் பற்றிய பாடம் இருக்கிறது. புள்ளியியலுக்கு ஒரு தாள், வரைபடங்களுக்கு ஒரு தாள், கடைசியில் பொருளியலும் சட்டமும் கூட. எதையும் முழுதாகச் சொல்லித்தராமல் எல்லாவற்றையும் கொஞ்சம் தொட்டுவிட்டுப் போகும் படிப்போ என்ற சந்தேகம் மாணவருக்கும் எழும், பெற்றோருக்கும் எழும்.

சந்தேகம் நியாயமானதுதான். இந்தப் பாடங்களை இணைக்கும் கேள்வி எது என்று யாரும் எடுத்துச் சொல்லாவிட்டால் அவை கடைசிவரை தனித்தனியாகவே நிற்கும். அந்தக் கேள்வி எளிமையானது: ஒரு பொருள் எங்கிருந்து வருகிறது, எவ்வளவு வருகிறது, வழியில் என்னவாக மாறுகிறது, கடைசியில் எங்கே போய்ச் சேர்கிறது? அந்தப் பொருள் பாஸ்பரஸாக இருக்கலாம், பாதரசமாக, ஈயமாக, கார்பன் டை ஆக்சைடாக இருக்கலாம், வெறும் தண்ணீராகவும் இருக்கலாம். காற்றிலிருந்து மண்ணுக்கும், மண்ணிலிருந்து நீருக்கும், நீரிலிருந்து மீனுக்கும், மீனிலிருந்து மனிதருக்கும் அது போகும். அதைப் பின்தொடர்ந்து போகிறவருக்கு வழியில் வேதியியலும் தேவைப்படும், உயிரியலும் தேவைப்படும். யார் அதை வெளியேவிட்டார்கள், எப்படி நிறுத்துவது என்று கேட்கும்போது சட்டமும் பொருளியலும் வந்துவிடுகின்றன.

இதை ஓர் ஏரியை வைத்துப் பார்க்கலாம்.

பாஸ்பரஸைத் தேடி

1960-களில் வட அமெரிக்காவின் பேரேரிகளில், குறிப்பாக ஈரி ஏரியில், பாசி கட்டுக்கடங்காமல் பெருகியது. பாசி இறந்து அடியில் படிந்தது. அதை மட்கச் செய்யும் பாக்டீரியாக்கள் நீரில் கரைந்திருந்த ஆக்சிஜனைத் தீர்த்துவிட்டன. கோடையில் ஏரியின் அடிநீரில் மீன்கள் வாழ முடியாத நிலை வந்தது. ஊட்டச்சத்து அளவுக்கு மீறிச் சேர்வதால் ஒரு நீர்நிலை இப்படிச் சீரழிவதைப் பாடநூல்கள் யூட்ரோஃபிகேஷன் என்று சொல்லும். இந்தச் சொல் முதல் ஆண்டிலேயே வந்துவிடும், கடைசி ஆண்டு வரை கூடவே வரும்.

பாசி வளரக் கார்பன், நைட்ரஜன், பாஸ்பரஸ் மூன்றும் வேண்டும். எதைக் குறைத்தால் ஏரி தெளியும்? ஆய்வகக் குடுவைகளில் செய்த சோதனைகள் ஒன்றுக்கொன்று முரணான பதில்களைத் தந்தன. இந்தக் கேள்விக்குப் பின்னால் பெரும் பணமும் இருந்தது. அந்தக் காலத்துச் சலவைத்தூள்களில் பாஸ்பேட் நிறைய இருந்தது. பாஸ்பரஸ்தான் காரணம் என்று முடிவானால் ஒரு பெரிய தொழிலே தன் தயாரிப்பை மாற்ற வேண்டியிருக்கும். கார்பன்தான் காரணம் என்ற வாதம் பலமாக முன்வைக்கப்பட்டது.

கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில், மனிதக் குடியிருப்பு அதிகம் இல்லாத பகுதியிலுள்ள சிறு ஏரிகளை 1968-ல் ஆய்வுக்கென்றே ஒதுக்கினார்கள். முழு ஏரியையே சோதனைக்கூடமாக்குவது திட்டம். டேவிட் ஷிண்ட்லர் என்ற சூழலியலாளர் அங்கே பணியைத் தொடங்கினார். ஏரிகளுக்குப் பெயர் கிடையாது, எண் மட்டும்தான். 1969-ல் 227-ஆம் ஏரியில் நைட்ரஜனும் பாஸ்பரஸும் சேர்த்தார்கள், கார்பன் சேர்க்கவில்லை. இருந்தும் பாசி பெருகியது. தேவையான கார்பனை நீர் காற்றிலிருந்தே எடுத்துக்கொண்டது. மூடிய குடுவையில் இது தெரிந்திருக்காது. காற்றோடு உறவாடும் உண்மையான ஏரியில் தெரிந்தது.

அடுத்து வந்ததுதான் இந்தத் துறையில் மிகப் புகழ்பெற்ற சோதனை. 226-ஆம் ஏரி நடுவில் குறுகி, இரண்டு பகுதிகளாக அமைந்தது. 1973-ல் அந்தக் குறுகலான இடத்தில் ஒரு திரையைக் கட்டி ஏரியைப் பிரித்தார்கள். இரண்டு பக்கமும் கார்பனும் நைட்ரஜனும் சேர்த்தார்கள். ஒரு பக்கத்தில் மட்டும் கூடவே பாஸ்பரஸ். அந்தக் கோடையிலேயே பாஸ்பரஸ் பெற்ற பக்கம் பச்சையானது, மறுபக்கம் இருண்ட தெளிந்த நீராகவே இருந்தது. மேலிருந்து எடுத்த ஒரு படம் இரண்டையும் அருகருகே காட்டியது. ஏதோ ஒரு சுற்றுச்சூழல் பாடநூலில் இந்தப் படத்தை நீங்கள் பார்ப்பீர்கள். பார்க்கும்போது திரையைக் கவனியுங்கள். அதே வானிலை, அதே மழை, அதே ஏரி. வேறுபாடு ஒன்றே ஒன்று. சுற்றுச்சூழலில் அப்படி ஒரே ஒரு வேறுபாட்டைப் பிரித்தெடுப்பது எவ்வளவு கடினம் என்பது களத்துக்குப் போன பிறகு புரியும்.

கனடாவும் அமெரிக்காவும் 1972-லேயே பேரேரிகளின் நீர்த்தரத்துக்காக ஓர் ஒப்பந்தம் போட்டிருந்தன. பாஸ்பரஸைக் குறைப்பது அதன் முக்கிய நோக்கம். சலவைத்தூளில் பாஸ்பேட் குறைக்கப்பட்டது, கழிவுநீர் நிலையங்களில் பாஸ்பரஸை நீக்கும் வசதிகள் வந்தன. 1980-களில் ஈரி ஏரி கண்கூடாகத் தேறியது.

கதை இங்கே முடிந்திருந்தால் வேதியியல் மட்டும் படித்தால் போதும். ஆனால் பாசி திரும்பி வந்தது. 2014 ஆகஸ்டில் ஏரியின் மேற்குக் கரையிலுள்ள டொலிடோ நகரத்தில், குழாய் நீரைக் குடிக்க வேண்டாம் என்று 4 லட்சத்துக்கும் மேற்பட்டோருக்கு அறிவிக்க வேண்டியிருந்தது. நீலப்பச்சைப் பாசி உண்டாக்கும் மைக்ரோசிஸ்டின் என்ற நச்சு குடிநீரில் கலந்துவிட்டது. கொதிக்கவைத்தாலும் அந்த நச்சு அழியாது. நீர் ஆவியாக ஆவியாகச் செறிவு கூடத்தான் செய்யும்.

இம்முறை பாஸ்பரஸ் குழாய் வழியே வரவில்லை. வயல்களில் இட்ட உரத்திலிருந்தும் கால்நடைச் சாணத்திலிருந்தும் மழைநீரில் கரைந்து, மௌமி ஆற்றின் வழியே பெருமளவு வந்து சேர்ந்தது. ஆலைக் குழாயையோ கழிவுநீர் நிலையத்தையோ கைகாட்ட முடியும். அதைப் புள்ளி மூலம் என்கிறோம். ஆயிரக்கணக்கான வயல்களிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்து வருவது பரவல் மூலம். முதலாவதை ஒரு சட்டத்தால் அடக்கலாம். இரண்டாவதற்கு மண்ணும் மழையும் தெரிய வேண்டும், உரத்தை எப்போது எப்படி இடுகிறார்கள் என்று தெரிய வேண்டும், விவசாயிக்கு எந்த முறை கட்டுப்படியாகும் என்றும் தெரிய வேண்டும். பாடத்திட்டத்தில் நீரியலும் மண்ணியலும் பொருளியலும் ஏன் சேர்ந்து உட்கார்ந்திருக்கின்றன என்பதற்கு ஈரி ஏரியைவிட நல்ல விளக்கம் எனக்குத் தெரியாது.

வரவு, செலவு, இருப்பு

இந்தப் படிப்பிலிருந்து ஒரே ஒரு கருத்தை எடுத்துக்கொள்ளச் சொன்னால் நான் நிறைச் சமன்பாட்டைத்தான் எடுப்பேன். பெயர்தான் பெரிது. வீட்டு வரவுசெலவுக் கணக்குதான் இது. உள்ளே வந்ததிலிருந்து வெளியே போனதைக் கழித்தால், இருப்பு எவ்வளவு கூடியது அல்லது குறைந்தது என்று தெரியும். ஏரியில் பாஸ்பரஸுக்கும் வளிமண்டலத்தில் மீத்தேனுக்கும் இதே கணக்குதான்.

ஓர் ஏரியில் 10 லட்சம் கன மீட்டர் நீர் இருக்கிறது என்று வையுங்கள். நாள்தோறும் 5,000 கன மீட்டர் உள்ளே வருகிறது, அதே அளவு வெளியேறுகிறது. இருப்பை வெளியேறும் அளவால் வகுத்தால் 200 நாள். ஒரு துளி நீர் சராசரியாக அந்த ஏரியில் தங்கும் காலம் அது. ஏரிக்குள் மாசு வருவது இன்றே முழுதாக நின்றுவிட்டால் 200 நாளில் ஏரி சுத்தமாகிவிடும் என்றுதான் முதலில் தோன்றும். ஆகாது. புதிய நீர் பழைய நீரோடு கலந்துதான் வெளியே போகிறது. நன்றாகக் கலக்கும் ஏரியில் 200 நாளுக்குப் பிறகும் மாசில் ஏறக்குறைய 37 சதவீதம் மிஞ்சியிருக்கும். 600 நாளுக்குப் பிறகு சுமார் 5 சதவீதம்.

ஈரி ஏரியில் நீர் தங்கும் காலம் ஏறத்தாழ 2.6 ஆண்டு. அதே பேரேரிக் கூட்டத்தில் உள்ள சுப்பீரியர் ஏரியில் அது 190 ஆண்டை ஒட்டியது. ஈரி ஏரி சில ஆண்டுகளிலேயே தேறியதற்கு இது ஒரு முக்கியக் காரணம். சுப்பீரியரில் ஏதாவது கலந்துவிட்டால் நம் பேரப்பிள்ளைகள் காலத்திலும் அது அங்கே இருக்கும். நீராவி வளிமண்டலத்தில் தங்குவது சுமார் 9 நாள், மீத்தேன் 10 ஆண்டுக்குச் சற்று மேல். குளிர்சாதனங்களில் முன்பு பயன்பட்ட சில குளோரோஃப்ளூரோ கார்பன்கள் ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு தங்கும். எந்த மாசுக்கு இன்றே அவசரப்பட வேண்டும், எது தானாகத் தேறும் என்பதை இந்த ஓர் எண்ணே பெரிதும் தீர்மானிக்கிறது.

இனி, கணக்குக்குள் அடங்காமல் நழுவும் பகுதி. ஏரிக்கு வந்த பாஸ்பரஸ் எல்லாம் நீரோடு வெளியே போய்விடாது. ஒரு பங்கு இரும்போடு பிணைந்து அடிச்சேற்றில் படியும். அடிநீரில் ஆக்சிஜன் தீர்ந்தால் அந்தப் பிணைப்பு விட்டுப்போகும், பாஸ்பரஸ் மறுபடி நீருக்குள் வரும். வெளியிலிருந்து வரும் மாசை நிறுத்திய பிறகும் பல ஏரிகள் ஆண்டுக்கணக்கில் பச்சையாகவே இருப்பதற்கு இது காரணம். பணம் செலவழித்துக் கழிவுநீர் நிலையம் கட்டிய ஊர் மக்கள், ஏரி ஏன் தெளியவில்லை என்று கேட்பார்கள். ஏமாற்றிவிட்டார்கள் என்று நினைப்பார்கள். அடிச்சேற்றின் வேதியியலை அவர்களுக்குப் புரியும்படி சொல்லக்கூடிய ஒருவர் அந்த இடத்தில் தேவைப்படுகிறார். இந்தப் படிப்பு உருவாக்க வேண்டியது அப்படிப்பட்டவரைத்தான்.

செறிவுக்கும் சுமைக்கும் உள்ள வேறுபாட்டையும் இங்கேயே பார்த்துவிடலாம். ஓர் ஏரியில் இரண்டு நீரோடைகள் சேர்கின்றன. சிறிய ஓடையில் லிட்டருக்கு 1 மில்லிகிராம் பாஸ்பரஸ், நொடிக்கு 0.05 கன மீட்டர் நீர். பெரிய ஓடையில் லிட்டருக்கு 0.1 மில்லிகிராம்தான், ஆனால் நொடிக்கு 2 கன மீட்டர் ஓடுகிறது. சிறிய ஓடை பார்க்கவே அழுக்காக இருக்கும், புகார்களும் அதைப் பற்றித்தான் வரும். செறிவை நீரோட்டத்தால் பெருக்கிப் பாருங்கள். சிறிய ஓடை நாளொன்றுக்குக் கொண்டுவருவது 4.3 கிலோ. தெளிவாகத் தெரியும் பெரிய ஓடை கொண்டுவருவது 17.3 கிலோ. சிறிய ஓடைக்கு மட்டும் செலவு செய்தால் ஏரி அப்படியேதான் இருக்கும். முதல் ஆண்டு மாணவர் இந்தக் கணக்கைத் தாளும் பேனாவும் வைத்து ஒருமுறை தானே போட்டுப் பார்க்க வேண்டும். அலகுகளை மாற்றுவதில்தான் பெரும்பாலோர் தடுமாறுகிறார்கள்.

கலந்தால் கரைந்துவிடுமா?

மாசை நிறைய நீரில் கலந்துவிட்டால் அது ஒன்றும் செய்யாது என்ற நம்பிக்கை நெடுங்காலம் இருந்தது. அதை உடைத்த இடங்களில் ஜப்பானின் மினமாட்டாவுக்கு முதலிடம். அங்கே ஒரு ரசாயனத் தொழிற்சாலை, அசிட்டால்டிஹைடு தயாரிக்கும்போது உண்டான மெத்தில் பாதரசத்தைக் கழிவுநீரோடு கடலில் விட்டது. கடற்கரைக் கிராமங்களில் முதலில் பூனைகள் வலிப்பு வந்து செத்தன. பிறகு மனிதர்களுக்குக் கைகால் மரத்தது, நடை தடுமாறியது, பேச்சு குழறியது, பார்வை சுருங்கியது. 1956-ல் நோய் அதிகாரபூர்வமாகப் பதிவானது. கழிவு வெளியேறுவது நின்றது 1968-ல்தான். இடையில் இருந்த 12 ஆண்டுகளை நினைத்தால் இன்றும் மனம் ஆறுவதில்லை.

மெத்தில் பாதரசம் உடலுக்குள் எளிதில் புகும், மெதுவாகத்தான் வெளியேறும். மிதவை உயிரிகளைத் தின்னும் சிறு மீனில் கொஞ்சம் சேரும். அந்தச் சிறு மீன்களை நூற்றுக்கணக்கில் தின்னும் பெரிய மீனில் இன்னும் கூடும். பெரிய மீனைத் தின்னும் பறவை, பூனை, மனிதர் என்று ஒவ்வொரு படியிலும் செறிவு ஏறும். இதுதான் உயிரியப் பெருக்கம். நீரில் அளந்தால் கிட்டத்தட்ட ஒன்றுமில்லை என்று தோன்றும் அளவு, மீனில் அளந்தால் ஆபத்தாக நிற்கும். கருவில் இருந்த குழந்தைகளையும் அது விடவில்லை, தாயின் உடலிலிருந்து நச்சுக்கொடி வழியே போய்ச் சேர்ந்தது. பாதரசத்தைக் கட்டுப்படுத்த 2013-ல் ஏற்கப்பட்டு 2017-ல் நடைமுறைக்கு வந்த உலக உடன்படிக்கைக்கு மினமாட்டா என்றே பெயர் வைத்திருக்கிறார்கள்.

எதை அளப்பது என்று முடிவு செய்யவே உணவுச் சங்கிலி தெரிந்திருக்க வேண்டும் என்பதை இதிலிருந்து எடுத்துக்கொள்ளுங்கள். சூழலியல் வகுப்பு வேதியியல் ஆய்வகத்துக்கு உதவும் இடம் இது.

அளப்பது என்னும் பெரும்பாடு

இந்தப் படிப்பின் நேரத்தில் பெரும்பகுதி அளவீட்டுக்கே போகும், போகவும் வேண்டும்.

நீரில் கரைந்த ஆக்சிஜனை எடுத்துக்கொள்வோம். லாயோஸ் விங்க்லர் 1888-ல் கண்டறிந்த முறையை இன்றும் கல்லூரி ஆய்வகங்களில் செய்கிறார்கள். 20 டிகிரி செல்சியஸில் நன்னீர் லிட்டருக்கு ஏறக்குறைய 9 மில்லிகிராம் ஆக்சிஜனைக் கரைத்து வைத்திருக்கும், 30 டிகிரியில் அது 7.5-ஐ ஒட்டி இறங்கிவிடும். வெப்பம் ஏறினாலே மீன்களுக்கு மூச்சு முட்டத் தொடங்குகிறது என்பது இந்த இரண்டு எண்களிலேயே தெரிகிறது. கழிவுநீர் எவ்வளவு ஆக்சிஜனை உண்ணும் என்று பார்ப்பதற்கான பி.ஓ.டி. சோதனையும் இதையே நம்பியிருக்கிறது. மாதிரியை இருட்டில் 20 டிகிரியில் 5 நாள் வைத்து, முதல் நாள் அளவுக்கும் ஐந்தாம் நாள் அளவுக்கும் உள்ள வேறுபாட்டைப் பார்ப்பார்கள்.

கருவியும் சரி, முறையும் சரி, ஆனாலும் முடிவு தவறலாம். பாசி மண்டிய ஏரிக்கு நண்பகலில் போய் அளந்தால் ஆக்சிஜன் ஏராளமாக இருக்கும். பாசி வெயிலில் ஒளிச்சேர்க்கை செய்து ஆக்சிஜனை வெளியிட்டுக்கொண்டிருக்கும், ஏரி நலமாக இருக்கிறது என்று எழுதிவிடத் தோன்றும். இரவு முழுவதும் அதே பாசியும் பாக்டீரியாக்களும் சுவாசிக்கும். விடிவதற்குச் சற்று முன் ஆக்சிஜன் பூஜ்யத்தை நெருங்கலாம். மீன்கள் செத்து மிதப்பது விடியற்காலையில்தான். எப்போது அளந்தோம் என்பதைக் குறிப்பேட்டில் எழுதாத அளவீடு பாதி அளவீடுதான்.

அளவீட்டில் எவ்வளவு கவனம் வேண்டும் என்பதற்குக் கிளேர் பேட்டர்சனின் கதையை ஒவ்வொரு மாணவருக்கும் சொல்ல வேண்டும் என்று நினைக்கிறேன். அவர் சுற்றுச்சூழலைப் படிக்க வந்தவரே அல்ல. விண்கற்களில் உள்ள ஈய ஐசோடோப்புகளை வைத்து பூமியின் வயதைக் கணக்கிட முயன்றார். அளக்கும்போதெல்லாம் இருக்க வேண்டியதைவிட ஈயம் கூடுதலாக வந்தது. தேடிப் பார்த்தால் ஆய்வகக் காற்றில், தூசியில், கண்ணாடிக் குடுவையில், ரசாயனங்களில் எல்லாம் ஈயம். சுவரிலிருந்து காற்றுவரை சுத்தம் செய்த ஓர் ஆய்வகத்தை அவர் உருவாக்கினார். 1956-ல் பூமியின் வயது 455 கோடி ஆண்டு என்று வெளியிட்டார். அந்த எண் இன்றும் ஏறக்குறைய அப்படியே நிற்கிறது.

இவ்வளவு ஈயம் எங்கிருந்து வந்தது என்ற கேள்வியை அவர் விடவில்லை. கடல் நீரில் அளந்தார், கிரீன்லாந்தின் பழைய பனியடுக்குகளில் அளந்தார். தொழிற்காலத்தில் ஈயம் பலமடங்கு கூடியிருந்தது. பெட்ரோலில் சேர்த்த ஈயம் அதில் பெரும் பங்கு வகித்தது. மனித உடலில் உள்ள ஈயம் இயற்கையான அளவு அல்ல என்று 1965-ல் எழுதினார். பலத்த எதிர்ப்பு வந்தது, அவர் பின்வாங்கவில்லை. வாகனங்களுக்கான ஈயப் பெட்ரோல் உலகிலேயே கடைசியாக விற்பனையிலிருந்து நின்றது 2021-ல், அல்ஜீரியாவில்.

ஆய்வகத்தில் உங்களை வெற்று மாதிரி வைக்கச் சொல்வார்கள். தூய நீரைக் களத்துக்கு எடுத்துப் போய், மற்ற மாதிரிகளுக்குச் செய்யும் அத்தனையும் அதற்கும் செய்து, கொண்டுவந்து அளப்பார்கள். அதில் ஏதாவது தெரிந்தால் அது ஏரியில் இருந்ததல்ல, நம் கையிலிருந்தோ பாட்டிலிலிருந்தோ வந்தது. இரட்டை மாதிரி எடுப்பது, கருவியை அளவுத்திருத்தம் செய்வது என்று சலிப்பூட்டும் வேலைகள் இன்னும் உண்டு. அவற்றைத் தட்டிக்கழிப்பவரின் எண்ணை யாரும் நம்ப முடியாது. நீதிமன்றத்திலோ மக்கள் கூட்டத்திலோ அந்த எண் சவாலுக்குள்ளாகும்போது மாட்டிக்கொள்வது மாசால் பாதிக்கப்பட்டவர்கள்தான்.

புள்ளியியலுக்கும் இங்கேதான் இடம். சார்லஸ் கீலிங் 1958-ல் ஹவாயின் மௌனா லோவா மலையில் காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடை அளக்கத் தொடங்கினார். அப்போது பத்து லட்சத்தில் ஏறக்குறைய 315 பங்கு. இன்று 420-ஐத் தாண்டிவிட்டது. ஆனால் கோடு நேராக ஏறவில்லை. ஒவ்வோர் ஆண்டும் மே மாத வாக்கில் உச்சத்துக்குப் போய், பிறகு செப்டம்பர், அக்டோபர் வரை இறங்குகிறது. வட அரைக்கோளத்துத் தாவரங்கள் கோடையில் கார்பனை எடுத்துக்கொள்வதே காரணம். மே முதல் செப்டம்பர் வரை மட்டும் அளந்து நிறுத்தியிருந்தால் கார்பன் டை ஆக்சைடு குறைகிறது என்று ஒருவர் நேர்மையாகவே எழுதியிருப்பார். பருவத்தையும் போக்கையும் பிரித்துப் பார்க்கக் கற்பதுதான் புள்ளியியல் தாளின் வேலை. அதைத் தேர்வுக்கான சடங்காக நினைத்துவிட வேண்டாம்.

கணிதத்துக்குப் பயந்து இந்தப் படிப்பைத் தேர்ந்தெடுப்பவர்களுக்கு ஒரு சொல். உயர்கணிதம் ஆழமாக வராமல் இருக்கலாம், ஆனால் மடக்கை (லாகரிதம்), அலகு மாற்றம், சராசரியும் பரவலும், வரைபடத்தை வாசிப்பது எல்லாம் தினமும் வரும். பி.எச். மதிப்பு 6-லிருந்து 5-க்கு இறங்கினால் அமிலத்தன்மை பத்து மடங்கு கூடியிருக்கிறது. மடக்கை புரியாதவர் அதை ஒரு சிறு மாற்றமாகவே பார்ப்பார்.

வானிலிருந்தும், மக்களிடமிருந்தும்

பூமியை வானிலிருந்து படமெடுக்கும் லேண்ட்சாட் வரிசையின் முதல் செயற்கைக்கோள் 1972-ல் ஏவப்பட்டது. அந்தப் படங்களின் முழுத் தொகுப்பு 2008 முதல் இலவசம். அதாவது ஒரு மாணவர் தன் மேசையில் அமர்ந்தபடி ஒரு காட்டின் ஐம்பதாண்டு வரலாற்றைப் பார்க்க முடியும். நலமான இலை சிவப்பு ஒளியை உறிஞ்சி, கண்ணுக்குத் தெரியாத அண்மை அகச்சிவப்பைத் திருப்பி அனுப்புகிறது. இரண்டின் வேறுபாட்டை இரண்டின் கூட்டலால் வகுத்தால் பசுமைக் குறியீடு கிடைக்கும். ஜி.ஐ.எஸ். எனப்படும் கணினி வரைபட வகுப்பில் முதலில் செய்வது பெரும்பாலும் இதுதான். வேலைவாய்ப்பில் உடனே கைகொடுக்கும் திறனும் இதுவே, ஆகவே இதற்கு நேரம் ஒதுக்குங்கள்.

சமூக அறிவியல் தாள்களை மாணவர்கள் இரண்டாம் தரமாக நினைப்பதைப் பார்க்கும்போது வருத்தமாக இருக்கிறது. ஓசோன் படலத்தை குளோரோஃப்ளூரோ கார்பன்கள் அழிக்கும் என்று வேதியியலாளர்கள் மரியோ மொலினாவும் ஷெர்வுட் ரௌலண்டும் 1974-ல் எழுதினார்கள். அண்டார்டிகாவின் மேலே ஓசோன் வெகுவாகக் குறைந்திருப்பதை 1985-ல் பிரிட்டிஷ் ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். அந்த ரசாயனங்களைக் கட்டுப்படுத்தும் மொன்ட்ரியால் உடன்படிக்கை 1987-ல் கையெழுத்தானது. வேதியியல் சரியாக இருந்ததோடு, மாற்று ரசாயனங்கள் கிடைத்ததும், ஏழை நாடுகளுக்குக் கூடுதல் அவகாசமும் நிதியும் தரப்பட்டதும் சேர்ந்துதான் அது வேலை செய்தது.

பொதுவான மேய்ச்சல் நிலமும் மீன்வளமும் அழிந்தே தீரும் என்று சூழலியலாளர் காரெட் ஹார்டின் 1968-ல் வாதிட்டார். மக்கள் தாங்களே விதி வகுத்து, தாங்களே கண்காணித்து, பல தலைமுறைகளாகக் காப்பாற்றிய பொதுவளங்கள் உலகெங்கும் இருப்பதை அரசியல் அறிவியலாளர் எலினோர் ஆஸ்ட்ரோம் களத்தில் போய்ப் பதிவு செய்தார். அதற்காக 2009-ல் அவருக்குப் பொருளியல் நோபல் பரிசு கிடைத்தது. ஓர் ஏரியைக் காப்பாற்றப் போகிறவர் அதைச் சுற்றி வாழ்பவர்களிடம் முதலில் கேட்க வேண்டும். அந்த நீர் எந்த மாதத்தில் நிறம் மாறுகிறது என்பது அவர்களுக்குத் தெரிந்திருக்கும்.

எந்தப் பெயரில் எது?

ஒரே மாதிரி ஒலிக்கும் படிப்புகள் சில உண்டு. சுற்றுச்சூழல் அறிவியல் என்றால் அளவீடும் பகுப்பாய்வும். சுற்றுச்சூழல் ஆய்வுகள் என்று பெயரிட்ட படிப்புகளில் கொள்கை, வரலாறு, சமூகம் ஆகியவற்றின் பங்கு கூடும். சுற்றுச்சூழல் பொறியியல், சுத்திகரிப்பு நிலையத்தை வடிவமைப்பது வரை போகும், கணிதமும் அதற்கேற்பக் கூடும். சூழலியல் உயிரினங்களின் உறவை மையமாக வைத்தது. பெயரை மட்டும் நம்பாமல் தாள்களின் பட்டியலைப் பாருங்கள். ஒரே பெயரில் நடக்கும் இரண்டு படிப்புகள் வெகு தூரம் விலகியிருக்கலாம்.

வேலைகள் பலவகை. நீர், காற்று, மண் மாதிரிகளைச் சோதிக்கும் ஆய்வகங்கள், கழிவுநீர் நிலையங்கள், மாசுக் கட்டுப்பாட்டு அமைப்புகள், நிறுவனங்களின் உமிழ்வுக் கணக்கு, வரைபடப் பணிகள், ஆராய்ச்சி என்று போகும். ஒரு திட்டம் தொடங்குமுன் அதன் விளைவுகளை மதிப்பிட வேண்டும் என்ற சட்டத்தை அமெரிக்கா 1970-ன் முதல் நாளில் கொண்டுவந்தது. இன்று உலகின் பெரும்பாலான நாடுகளில் அப்படியொரு விதி இருக்கிறது. அந்த மதிப்பீட்டு அறிக்கைகளை எழுதவும் சரிபார்க்கவும் ஆள் தேவை. எழுதுபவரைவிடச் சரிபார்ப்பவருக்குக் கூடுதல் அறிவு வேண்டும் என்பது என் கருத்து.

சேருமுன் துறையிடம் மூன்று விஷயங்களைக் கேளுங்கள். களப்பணி எத்தனை நாள், அதில் மாணவர்களே மாதிரி எடுக்கிறார்களா, அல்லது வெறுமனே சுற்றிப் பார்த்து வருகிறார்களா? புள்ளியியல் வகுப்பில் உண்மையான தரவைக் கையாள்கிறார்களா? இறுதியாண்டு ஆய்வறிக்கை ஒன்றைப் பார்க்க முடியுமா? அறிக்கை கையில் கிடைத்தால் முன்னுரையையும் முடிவுரையையும் விட்டுவிட்டு நடுவிலுள்ள அட்டவணைகளுக்குப் போங்கள். மாதிரி எடுத்த இடம், தேதி, நேரம் இருக்கிறதா? ஒவ்வோர் எண்ணுக்கும் அலகு இருக்கிறதா? வெற்று மாதிரியின் அளவையும் போட்டிருக்கிறார்களா? இவை இருந்தால் அந்தத் துறையில் யாரோ அக்கறையோடு சொல்லித்தருகிறார்கள், அங்கே தைரியமாகச் சேரலாம்.